தொண்டைமானாற்றின் கதவும் இறால் குஞ்சும்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஓடும். தொண்டைமானாறு பெயரளவில் ஆறாயினும், உண்மையில் அது கடல்நீரேரி ஒன்றின் வாயேயாகும். சோழர் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், உப்பு ஏற்றிச் செல்லும் பொருட்டு இதனை வெட்டுவித்தான் என்பது செவிவழிச் செய்தி. செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கு அருகே கடலோடு கலக்கும் இந்நீர்வழி, வடமராட்சிக் கடல்நீரேரிக்கு வடக்கு வாசலாக விளங்குகின்றது. அவ்வாசலில் ஒரு தடுப்பணையும் கதவுகளும் உள்ளன. அக்கதவுகளை யாருக்காக மூடுவது, யாருக்காகத் திறப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில், மூட வேண்டிய காரணத்தைப் பார்ப்போம். நமது மண்ணின் அடியிலே கிடப்பது சுண்ணக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் கண்ட கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறும். ஆதலால் மழைநீரைக் கடலுக்கு ஓடவிடாது தேக்கி வைத்தால், கிணறும் தோட்டமும் பிழைக்கும்.

இவ்வெண்ணத்தையே நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் 'யாழ்ப்பாணத்திற்கு ஓர் ஆறு' என்னும் திட்டமாக வகுத்தார். ஆனையிறவுக் கடல்நீரேரியில் வந்து சேரும் வன்னி மழைநீரை முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அணையிட்டு நன்னீராக்குவது அத்திட்டம். அணைகள் எழுந்தன, ஆனால் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. காலப்போக்கில் கதவுகள் பழுதுற்று உப்புநீர் கசிந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் பேணுவாரும் அரிதாயினர். திருத்த வேலைகள் பின்னரே நடைபெற்றன.

இனி, திறக்க வேண்டிய காரணம். இறால் பிறப்பது கடலில்; வளர்வது நீரேரியில். ஆழ்கடலில் பொரித்த குஞ்சு இரண்டு மூன்று வாரங்கள் அலைந்து, ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்ந்த நிலையில், பெரும்பாலும் இரவு வேளையில், ஏறுகின்ற வற்றுப்பெருக்கோடு கரைநோக்கி வருகின்றது. கண்டல் வேர்களுக்கும் நீர்ப்பூண்டுகளுக்கும் இடையே சில மாதங்கள் வளர்ந்தபின், முட்டையிடக் கடலுக்கு மீள்கின்றது. மடவையும் கொடுவாவும் இவ்வாறே இரு நீரையும் நாடி வாழ்வன. குஞ்சு வருகின்ற இரவில் கதவு மூடியிருப்பின், அது கடலிலேயே மடியும். சில மாதங்களின் பின்னர், வீச்சுவலை வீசுகின்ற தொழிலாளியின் பறியும் வெறுமையாகும். கதவை மூடியவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். இடையே பல மாதங்கள் செல்வதால் இரண்டையும் இணைத்துப் பார்ப்பாரும் இலர்.

இத்தகைய சிக்கலைப் பிறநாட்டார் எவ்வாறு தீர்த்தனர்? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே எல்வா என்றோர் ஆறு. நுவரெலியா ஓடைகளில் ஆங்கிலேயர் கொணர்ந்து விட்ட டிரவுட் மீனை நேயர் சிலர் அறிந்திருப்பர். அவ்வினத்தில் கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறிவரும் வகையொன்று எல்வாவிலே வாழ்ந்தது. 1913இல் மின்சாரத்திற்காகக் கட்டப்பட்ட அணையில் மீன் ஏறிச்செல்ல வழியே வைக்கப்படவில்லை. ஆற்றையே உயிராகக் கொண்ட கிளாலம் பழங்குடியினர் பல்லாண்டு முறையிட்டனர். 1992இல் சட்டம் இயற்றப்பட்டது. 2011 முதல் 2014 வரை அவ்வணையும் அதற்கு மேலிருந்த மற்றோர் அணையும் அகற்றப்பட்டன. அரசுத் திணைக்களங்களும் பழங்குடியினரும் சேர்ந்து கரையில் மரம் நட்டனர், மீனைக் கணக்கிட்டனர். மீன்களும் மேலாறு நோக்கி மீண்டன.

நாம் அணையை இடிக்க வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. எல்வாவில் அணை தந்தது மின்சாரம். அதனை வேறிடத்திலிருந்தும் பெறலாம். தொண்டைமானாற்றில் அணை காப்பது குடிநீர். ஆனால் எல்வாவின் அணையில் மீனுக்கு இல்லாத வழி ஒன்று நம்மிடம் உண்டு. அது திறக்கக்கூடிய கதவு. எனவே நமது வினா, எந்த நாளில், எந்த வேளையில், எவ்வளவு நேரம் திறப்பது என்பதே.

இவ்வினாவிற்கு விடை ஒருவரிடம் இல்லை. எந்நாளில் குஞ்சு கரையோரம் திரள்கின்றது என்பதைக் கடற்றொழிலாளர் அறிவர். எவ்வளவு உப்பு ஏறினால் பயிர் வாடும் என்பதைக் கமக்காரர் அறிவர். நீர்மட்டம் எவ்வளவு, வெள்ளம் எப்போது என்பதை நீர்ப்பாசனத் திணைக்களம் அறியும். கிணற்று நீரின் உவரை அளக்கும் கருவியும் பயிற்சியும் பல்கலைக்கழகத்தில் உண்டு. கடற்றொழிலாளர் சங்கமும், கமக்காரர் அமைப்பும், திணைக்களங்களும் மாரிக்கு முன்னரே ஒரு மேசையில் அமர்ந்து, ஒரு நாட்குறிப்பு வகுத்துக்கொள்ளலாம். ஏறுநீர் இரவுகள் சிலவற்றில் ஓரிரு கதவுகளை மட்டும் சிறிது நேரம் திறந்து பார்த்து, அருகிலுள்ள கிணறுகளில் உவர் ஏறுகின்றதா என்று அளந்து, மறு ஆண்டு திருத்திக்கொள்ளலாம். கதவைத் திறந்தபின் குஞ்சு தங்குவதற்குக் கண்டற்காடும் வேண்டும். வெட்டிய இடங்களில் மீள நடுவதும் இப்பணியின் ஒரு பாதியே.

இவ்வகை ஒத்துழைப்பு இலங்கைக்குப் புதிதன்று. நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் ஒன்று 2015இல் தொடங்கியது. அரசும், சுதீச என்னும் சிறு மீனவர் அமைப்பும், சீக்கொலஜி என்னும் வெளிநாட்டு நிறுவனமும் அதில் கைகோத்தன. கரையோரப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்கி, அவர்களையே காட்டுக்குக் காவலராக்குவது அதன் வழி. காப்பவருக்குப் பிழைப்பும் உண்டெனில் காவல் நிலைக்கும் என்பது அதன் அடிப்படை.

தொண்டைமானாற்றங்கரையில் ஒரு புறம் தோட்டக்காரர், மறுபுறம் வலைக்காரர். ஒருவரது கிணறும் மற்றவரது வலையும் ஒரே கதவை நம்பி நிற்கின்றன. அக்கதவின் திறவுகோல் திணைக்களத்தின் கையில் இருக்கலாம். அது திரும்பும் நாளை இரு சாராரும் கூடி நிச்சயிப்பதே நீதியாகும்.