மத்தாப்பு மருந்தும் தண்ணீரும்

சிவகாசி, சாத்தூர் பக்கம் கம்பி மத்தாப்புக்கு நைட்ரேட் உப்பு, அலுமினியப் பவுடர், இரும்புத்தூள் எல்லாவற்றையும் பசையும் தண்ணீரும் விட்டு மருந்தாகக் குழைப்பார்கள். அந்தத் தண்ணீரின் தன்மை மிக முக்கியம்.

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. தண்ணீர் நடுநிலையாக இருக்கும்வரை அது உலோகத்தைக் காக்கும். பிஎச் அளவு 9-ஐத் தாண்டிக் காரத்தன்மை ஏறினால் படலம் கரையத் தொடங்கும். உள்ளே இருக்கும் அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனையும் சூட்டையும் வெளிவிடும். கூடவே நைட்ரேட் இருப்பதால் அம்மோனியாவும் உண்டாகும். அதுவும் காரம்தானே, அரிப்பு இன்னும் வேகமெடுக்கும். தீப்பொறியே படாமல் மருந்து தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் இப்படித்தான் வருகிறது.

மருந்து அறையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவர் காதிலும் இது விழ வேண்டும்: குழைத்த மருந்து சூடேறினாலோ, அம்மோனியா நெடி மூக்கில் ஏறினாலோ, எதையும் தொடாமல் உடனே வெளியேறிவிடுங்கள்.

காரத்தன்மை ஏறாமலிருக்க, கலவையில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. துருப்பிடிக்காமலிருக்க இரும்புத்தூளுக்கு எண்ணெய்ப் பூச்சு கொடுப்பார்கள். துருப்பிடித்த இரும்பு எரியும்போது பூப்பூவாகச் சிதறாது.