‘ஒருவகை மீன்’

பழந்தமிழ் நூல்களுக்கு உரை கண்டோரும் அகராதி தொகுத்தோரும் மீன்களின் பெயர்க்குப் பொருள் கூறுங்கால், பெரும்பாலும் ‘ஒருவகை மீன்’ என்று கூறியமைவர். ஆரல், அயிரை, வாளை, வரால், கெளிறு முதலிய சொற்களை மாணாக்கர்க்கு விளக்கும் ஆசிரியனாகிய எனக்கு இவ்வுரை நிறைவு தருவதில்லை. சொல்லைக் கற்றோர் மீனை அறியார்; மீனை அறிந்தோரிடஞ் சென்று சொல்லைக் கேட்பாரும் இலர். இவ்விடைவெளியால் நாம் இழப்பது சிறிதன்று.

அறிஞர் இதுகாறும் பெயரிட்ட மீனினங்கள் 35,000க்கு மேற்பட்டன. அவற்றுள் ஏறக்குறையப் பாதி நன்னீரில் வாழ்வன. ஆறும் ஏரியும் குளமுங் கொண்ட நீரோ, உலக நீர் முழுவதிலும் 10,000இல் ஒரு பங்கினளவே. இச்சிறு நீரில் இத்துணை இனங்கள் தோன்றியது எங்ஙனம்? கடல்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடப்பன. ஆறுகளோ மலைகளாலும் மேட்டு நிலங்களாலும் பிரிக்கப்பட்டவை. ஓராற்று மீன் பிறிதோர் ஆற்றை அடைதல் அரிது. அவ்வாறு பிரிந்து வாழ்ந்த கூட்டங்கள் தலைமுறை பல கழியத் தனித்தனி இனங்களாயின. நம் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளிலும் வேறெந்நாட்டிலுங் காணப்படாத மீன்கள் பல உள.

இனி, பெயர்களை நோக்குவோம். வாளை என்னும் ஒரே பெயர் நன்னீரில் மீசையுடைய பெருமீனையும், கடலில் வெள்ளி நாடா போன்ற நெடுமீனையுங் குறிக்கும். புலவர் வயலிற் பாயவிட்ட வாளை முன்னதே. ‘ஒருவகை மீன்’ என்ற உரையால் இவ்வேறுபாடு விளங்குமோ? வரால், இன்று நாம் விரால் என வழங்கும் மீன். செவுளுக்கு மேலுள்ள ஓருறுப்பினாற் காற்றை உட்கொள்ளுதலின், குளம் வற்றிச் சேறானபோதும் அது உயிர் தாங்கும். பனையேறியின் பெயரோ ஒரு கதையே. அம்மீன் பனையில் ஏறக் கண்டதாகத் தரங்கம்பாடியிலிருந்த டேனியப் படை அலுவலர் டால்டோர்ப், 1791ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றை எழுதிவைத்தார். மரமேறுதலை அறிஞர் ஐயுறுவர். ஈரநிலத்தில் ஊர்ந்து நீர்நிலை மாறும் என்பதில் ஐயமில்லை. கொடுவா உவர்நீரிற் பிறந்து ஆற்றிலும் வளர்வது. முதலில் ஆணாயிருந்து பின்னர்ப் பெண்ணாவது.

கடல்மீன்களிற் பெயர்கள் இடந்தோறும் வேறுபடும். நாம் அறக்குளா என்பது தமிழகத்தில் வஞ்சிரம். நம் சூடை அங்கே சாளை. பேத்தையை அறியாதிருத்தலோ உயிர்க்கே கேடு. அதன் ஈரலிலும் முட்டையிலுமுள்ள நஞ்சு சமைத்தாலும் நீங்காது. பெயரறிவு ஈண்டு உயிர்காக்கும் அறிவன்றோ?

1952ஆம் ஆண்டு ஆபிரிக்கத் திலாப்பியா நம் நாட்டுக் குளங்களில் விடப்பட்டது. ஏழை எளியோர்க்கு மலிவான உணவாயிற்று. அதனை யாம் பழிக்கவில்லை. ஆயினும், இன்று குளத்துமீன் என்றால் திலாப்பியா ஒன்றையே கூறும் மாணாக்கரைக் காண்கிறேன். ஆரலும் அயிரையும் அவர்க்கு ஏட்டுச் சொற்களாய் நின்றுவிட்டன.

ஆதலின், நம் பண்டிதர்கள் வாடிகளுக்கும் குளக்கரைகளுக்குஞ் சென்று, மீனின் பெயர், வடிவு, வாழிடம், இயல்பு என்பவற்றைக் கேட்டு எழுதுதல் வேண்டும். மாணாக்கரையும் உடனழைத்துச் செல்லுதல் நன்று. இப்பணியிற் கடற்றொழிலாளரே ஆசிரியர்; யாம் ஏடெழுதுவோர் மாத்திரமே. அங்ஙனம் எழுதப்படும் நாளில், ‘ஒருவகை மீன்’ என்னும் உரை நம் அகராதிகளினின்றும் நீங்கும்.