கண்டு தெளிதல்

வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அமிர்தி. அதன் காடும் அருவியும் காண்போர் கண்ணைக் கவரும். ஆயினும், மலைமேல் வாழும் மக்களுக்கு நோய் வந்துற்றால் அக்காடே தடையாகின்றது. மேடு பள்ளம் கடந்தே அவர்கள் மருத்துவரை அடைதல் வேண்டும். இதனை நூலிற் படித்தறிதல் வேறு. நேரிற் கண்டு தெளிதல் வேறு.

மருத்துவத் தொழிலை விழையும் மாணவர்கள் அயல்நாட்டு மருத்துவமனைகளிற் சில வாரம் தங்கி, மருத்துவரையும் செவிலியரையும் நிழல்போல் தொடர்ந்து, அவர்தம் பணியைக் காணும் வழக்கம் இக்காலத்திற் பரவியுள்ளது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கும் அயல்நாட்டு மருத்துவ மாணவர்கள் வந்து பயில்கின்றனர். அக்கல்லூரியினர் சவ்வாது மலைச் சிற்றூர்களிலும் தொண்டாற்றி வருகின்றனர்.

நேரிற் காண்பதன் பயன் யாது? அந்நிலையத்தைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கையே அதனை விளக்கும். அவர் 1870ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையிற் பிறந்தவர். அமெரிக்காவில் கல்வி பயின்றபின், நோயுற்ற அன்னையைக் காணத் திண்டிவனம் வந்தார். இங்கேயே தங்கித் தொண்டாற்றும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை. ஓரிரவு, ஆடவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையுற்ற தத்தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், மருத்துவராகிய தம் தந்தை வருவார் என்றும் அவர் கூறினார். ஆடவர் மருத்துவம் பார்ப்பதற்கு அவர்கள் இசையவில்லை. பொழுது புலர்ந்தது, மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

அத்துயரம் அவர்தம் வாழ்வின் திசையை மாற்றியது. அமெரிக்கா சென்று, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்; 1900இல் வேலூரில் ஒரு கட்டிலுடன் பணி தொடங்கினார்; 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் மகளிர்க்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார்.

இங்கு நாம் உணரத்தக்கது ஒன்றுண்டு. உள்ளம் உருகிய போதும், தாம் கல்லாத மருத்துவத்தைச் செய்ய அவர் துணியவில்லை; முதலிற் கற்றார், பின்னரே கை வைத்தார். காணச் செல்லும் மாணவர்க்கும் இதுவே நெறி. பயிற்சியில்லார் ஊசி போடுதலும் புண்ணைத் தைத்தலும் நோயாளிக்குத் தீங்காய் முடியும். எளியவர் வாழும் நாடாயினும் இவ்விதி தளராது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிச் சங்கமும் 2011இல் அயல்நாடு செல்லும் மாணவர்க்கென இத்தகைய நெறிமுறைகளை வகுத்தது. நோயாளி காட்சிப்பொருளல்லர், அவர்தம் இசைவு பெற்றே அருகில் நிற்றல் வேண்டும். கண்டதையும் கேட்டதையும் பிறரிடம் உரையாமை வேண்டும்.

மாணவர்களே! அயல்நாடு செல்லுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. ஐடா அம்மையாரின் உள்ளத்தை மாற்றியது பெரிய மருத்துவமனையன்று. வீட்டு வாயிலில் வந்து நின்ற துன்பமே. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் அத்தகைய துன்பம் வரிசையில் நிற்கும். இசைவு பெற்றுச் சென்று, அமைதியாகக் காணுங்கள். அங்கே உங்கள் உள்ளம் சலிக்கின்றதா, நிலைக்கின்றதா என ஆராய்ந்து, அதன்பின் தொழிலைத் தேர்ந்து கொள்ளுங்கள்.