எலும்பில் தோன்றும் புள்ளி எல்லாம் புற்றல்ல

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவரின் எலும்பில் அரிப்பு இருப்பதாக ஸ்கேன் அறிக்கை கூறினால், நோய் பரவிவிட்டது என்றே குடும்பத்தார் முடிவு செய்கின்றனர். பெரும்பாலும் அந்த அச்சம் மெய்யாகலாம். எனினும், அதே தோற்றத்தைத் தரும் வேறொரு நோயும் உண்டு; அது குணமாகக்கூடியது. தளேகாவ் வட்டார வாடிக்கையாளர்களின் நலன் கருதி அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

நம் உடலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலேயே வைப்பாக உள்ளது. இரத்தத்தில் புழங்குவது மிகச் சிறு பகுதியே. அந்தப் புழக்கம் குறையும்போது வைப்பிலிருந்து எடுத்துத் தரும் பணியைக் கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் செய்கின்றன. பொதுவாக இவை நான்கு; ஒவ்வொன்றும் அரிசி மணி அளவே இருக்கும். இச்சுரப்பியை முதன்முதலில் இனங்கண்டவர் இலண்டன் அறிஞர் ரிச்சர்டு ஓவன். அவர் அறுத்து ஆராய்ந்தது 1849இல் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை!

இவற்றில் ஒன்று கட்டியாகப் பெருத்துவிட்டால், தேவையின்றியும் வைப்பு கரைந்துகொண்டே போகும். எலும்பில் குழிகள் விழும். அங்கு கசியும் இரத்தத்தின் நிறத்தால் அவை 'பழுப்புக் கட்டி' எனப்படுகின்றன. இவை புற்றுநோய் அல்ல. ஆயினும் எக்ஸ்ரேயிலும், சில வேளைகளில் பெட் ஸ்கேனிலும், பரவிய புற்றைப் போலவே தோன்றும். திசுப் பரிசோதனையில்கூட வேறுவகை எலும்புக் கட்டியோடு குழப்பம் நேரலாம்.

வேறுபடுத்தி அறிய உதவுவது இரத்தப் பரிசோதனை. இரு நோய்களிலும் கால்சியம் உயரலாம். ஆனால் பாராதைராய்டு ஹார்மோன், சுரப்பி நோயில் உயர்ந்திருக்கும். புற்றினால் கால்சியம் உயரும்போது பெரும்பாலும் தாழ்ந்துவிடும். ஒருவருக்கே இரு நோய்களும் இருக்கக்கூடும் என்பதால், ஐயம் எஞ்சினால் திசுப் பரிசோதனையும் தேவைப்படும். சிறுநீரகக் கல், தொடர்ந்த சோர்வு, எளிதில் எலும்பு முறிவு ஆகியவை முன்பே இருந்தால் மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

காரணத்தை அறிவதன் அருமையை 1925ஆம் ஆண்டு வியன்னா நகர நிகழ்ச்சி உணர்த்துகிறது. எலும்பு நோயால் நடக்க இயலாதிருந்த டிராம் தொழிலாளி ஒருவருக்குச் சுரப்பி குறைவே காரணம் எனக் கருதி, மருத்துவர் பெலிக்ஸ் மாண்டில் வேறொரு சுரப்பியைப் பொருத்தினார், பயனில்லை. பின்னர்க் கழுத்திலிருந்த கட்டியை அகற்றினார். வலி தணிந்து நோயாளி மீண்டும் நடந்தார். இன்றும் அறுவைக்குப் பின் பழுப்புக் கட்டிகள் பல மாதங்களில் தாமே ஆறுவது வழக்கம். அறுவையை அடுத்த நாட்களில் இரத்தக் கால்சியம் திடீரெனக் குறையலாம் என்பதால் கண்காணிப்பு அவசியம்.

தளேகாவ் தாபாடேயில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. புணேயும் மும்பையும் தொலைவில் இல்லை. பழைய அறிக்கைகள், ஸ்கேன் படங்கள், இரத்தக் கால்சியம் அளவுகள் ஆகியவற்றை வைப்புச் சான்றிதழ்களைப் போல நாள்வாரியாகக் கோப்பில் பேணுங்கள். "கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கப்பட்டனவா?" என்று மருத்துவரைப் பணிவுடன் வினவுங்கள். அதுவரை நடைபெறும் சிகிச்சையை நிறுத்த வேண்டா.