பாட்டிலுக்குள் கரமனை ஆறு

மண், பாறை, கனிமம் பற்றிய பாடங்களுக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பாட்டில், ஒரு ஆணி, ஒரு காந்தம் போதும். பள்ளிகள்தான் மனம் வைக்க வேண்டும்.

மண்ணின் வகைகளைக் கேட்டால் வண்டல், கரிசல், செம்மண், சரளை என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள் மாணவர்கள். ஒரு பிடி மண்ணைக் கையில் கொடுத்து இது எந்த வகை என்று கேட்டால் விழிக்கிறார்கள். பாடத்தில் இருக்கும் மண் விரலில் ஒட்டுவதில்லை.

திருவனந்தபுரம் கரமனையில் இதற்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. ஊரின் பெயரைத் தாங்கிய ஆறு மேற்குத் தொடர்ச்சி மலையின் செம்முஞ்சி மொட்டையில் பிறந்து, 68 கிலோமீட்டர் ஓடி, கோவளத்துக்கு அருகே அரபிக் கடலில் கலக்கிறது. பாறை உடைந்து மணலாகி, மண்ணாகி, கடலைச் சேரும் கதை முழுவதும் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் அடங்கிவிடுகிறது.

முதல் சோதனைக்குத் தேவை மூடியுள்ள கண்ணாடி பாட்டில். மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். அதைவிட நுண்ணிய வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களிமண் துகள்கள் மறுநாள்கூட நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். ஆற்றங்கரை மண், தோட்டத்து மண், வயல் மண் என்று மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்து, அடுக்குகளின் கனத்தை ஸ்கேலால் அளந்தால், எந்த மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், எது வடியவிடும் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, கேரளம் முழுவதும் வீட்டுச் சுவர்களில் காணும் வெட்டுக்கல். தமிழில் செம்புரைக்கல். 1800-01ல் தென்னிந்தியாவில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கனன், மலப்புரம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்து வியந்தார். நிலத்திலிருந்து வெட்டும்போது மென்மையாக இருக்கிறது. காற்றுப் பட்டால் இறுகிவிடுகிறது. உள்ளூர் மக்கள் அதைச் செங்கல் கல் என்ற பொருளில் 'இட்டிகக் கல்லு' என்றார்கள். 'இட்டிகை' தமிழ் அகராதியிலும் உள்ள சொல்தான். புக்கனன் அதே பொருளில் லத்தீன் சொல்லை எடுத்து 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். 1807ல் வெளியான அவரது பயண நூல் வழியாக அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது.

உடைந்த வெட்டுக்கல் துண்டில் ஒரு சொட்டு நீர் விட்டால் அதன் துளைகள் உறிஞ்சிக்கொள்ளும். வழுவழுப்பான பூச்சு இல்லாத ஓட்டின் பின்புறம் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழும். ஆண்டாண்டு காலப் பெருமழை பாறையிலிருந்த மற்றச் சத்துகளைக் கரைத்துக்கொண்டு போக, எஞ்சிய இரும்பும் அலுமினியமும்தான் இந்தக் கல். வெட்டுக்கல் மண்ணில் ஏன் உரம் நிற்பதில்லை என்ற விவசாயக் கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

மூன்றாவது, ஆணியும் காந்தமும். ஆணியால் கீறினால் அப்பிரகத்தில் கோடு விழும். வெண்ணிறக் குவார்ட்ஸில் விழாது. மாறாக, அது கண்ணாடியையே கீறும். ஆற்றின் மேல்பகுதியில் உள்ள வெள்ளநாட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராஃபைட் வெட்டியெடுக்கப்பட்டது. அது என்ன என்று விளக்கப் பென்சில் முனையே போதும். கோவளத்துக் கருமணலின் மேல் வலுவான காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிப் பிடித்தால் கறுப்புத் துகள்கள் எழுந்து ஒட்டும். அவற்றில் இல்மனைட் இருக்கிறது. திருவனந்தபுரம் வேளியில் உள்ள டைட்டானியம் ஆலை வெள்ளைப் பெயின்ட்டுக்கான நிறமியைத் தயாரிப்பது இந்தக் கறுப்புக் கனிமத்திலிருந்துதான். 1909ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர் மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்ததும், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான்.

பார்த்ததை ஒப்பிட இடமும் நகரிலேயே இருக்கிறது. பாறோட்டுக்கோணத்தில் 2014ல் திறக்கப்பட்ட மாநில மண் அருங்காட்சியகத்தில், கேரளத்தின் 82 மண் வகைகள் மேலடுக்கு முதல் கீழடுக்கு வரை செங்குத்தாக வெட்டியெடுத்து நிறுத்தப்பட்டுள்ளன.

செய்து பார்த்துப் படிப்பது புதிய யோசனை அல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 1972ல் 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் இப்படியொரு அறிவியல் திட்டம் தொடங்கியது. குழந்தைகளே சோதனை செய்தார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துத் தேர்வு எழுதினார்கள். செய்முறைக்கும் மதிப்பெண் இருந்தது. முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை 2002ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. கேரளத்திலும் 1990களின் பாடத்திட்ட மாற்றம் செயல்வழிக் கல்வியை முன்வைத்தது. ஆனால் தேர்வு நெருங்கினால் எங்கும் பாட்டில் அலமாரிக்குப் போகிறது, நோட்ஸ் மேசைக்கு வருகிறது.

இதில் இழப்பு மதிப்பெண் மட்டுமல்ல. ஆற்றில் மணல் அள்ளுவதைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2001ல் சட்டம் இயற்றியது. அள்ளினால் என்ன, மழை வந்தால் மறுபடி மணல் வராதா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. கரமனை ஆற்றின் மேலே 1983ல் கட்டிய பேப்பாறை அணை இருக்கிறது. அதற்குக் கீழே நகரத்துக்குக் குடிநீர் தரும் அருவிக்கரை அணை. ஓட்டம் நின்ற நீரில் மணல்தான் முதலில் படியும் என்பதை பாட்டில் காட்டிவிட்டது. அப்படியானால் மலையிலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அணைகளின் அடியில் தங்கிவிடும். கலங்கல் நீர்தான் கரமனைக்கு வந்து சேரும். அள்ளிய பள்ளம் நிரம்பாது. படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் தாழும்.

சட்டப் புத்தகம் இதை மாணவருக்குப் புரிய வைக்காது. ஒரு வகுப்பு நேரமும், ஒரு பிடி மண்ணும் புரிய வைக்கும்.