தொம்பையில் தூங்கிய விதை

கொல்லிமலையில் அன்று விதைக்காகக் கடை ஏறியவர்கள் குறைவு. சாமை அறுத்ததும் நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி, காயவைத்துத் தொம்பையில் போட்டுவிடுவார்கள். மூங்கிலில் பின்னிச் செம்மண் பூசிய குதிர் அது. அடுத்த மழைக்கு எடுத்து விதைத்தால், அந்த மண்ணுக்கும் குளிருக்கும் பழகிய அதே குணத்தோடு முளைக்கும்.

கணினிக்காரர்கள் இன்று 'சர்வர்லெஸ்' என்று பேசும்போது எனக்குத் தொம்பைதான் நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் யாரும் கேட்காவிட்டாலும் சர்வர் இரவு பகலாக ஓடும், செலவும் ஏறும். 2014-இல் அமேசான் 'லாம்ப்டா'வை அறிவித்தது. அழைத்தால் நிரல் எழும், வேலை முடிந்தால் போய்விடும். ஆனால் அதற்கு ஞாபகசக்தி கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவற்றில் ஒன்று, 2020-இல் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'டியூரபிள் ஆப்ஜெக்ட்ஸ்'. அழைப்பு நின்று சிறிது நேரத்தில் நினைவகத்தை விட்டு இறங்கித் தூங்கும். சேமித்தது மட்டும் பத்திரமாக இருக்கும். மறுபடி அழைத்தால் அதை வைத்துத் தொடரும். யாராவது அழிக்கும்வரை அந்தச் சேமிப்பு கிடக்கும். அழிக்க மறந்தால் பில் வரும், அவ்வளவுதான்.

விதைக்கு அந்தச் சலுகை இல்லை. சமவெளியின் சேகோ ஆலைகளை நம்பி மலையில் சாமையின் இடத்தில் மரவள்ளி பரவியது. அதற்கு விதை வேண்டாம், குச்சி நட்டால் போதும். காசும் வந்தது. சாமையை உரலில் குத்தி உமி நீக்கிய பெண்களின் கைவலி தெரிந்தவர்கள் இந்த மாற்றத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் சில வருடங்கள் விதைக்காமல் விட்டால் சாமை விதையின் முளைப்புத்திறன் போய்விடும். அப்படி வீடு வீடாகச் சில ரகங்கள் காணாமல் போயின.

1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்துவரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மலையாளிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து சமுதாய விதை வங்கிகளை அமைத்தது. உமி நீக்கும் இயந்திரமும் வந்தது. வாங்கிப்போன விதையை அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பித் தருவதே இத்தகைய வங்கிகளின் வழக்கம். நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்தில் 2008 முதல் மைனஸ் 18 டிகிரியில் விதைகள் உறங்குகின்றன. அதுவும் தேவைதான். ஆனால் அந்த விதை மழை பார்ப்பதில்லை. வயலுக்குப் போய்வரும் விதைதான் மாறும் பருவத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறது.

சாப்பிட ஆள் இல்லாவிட்டால் எந்த வங்கியும் நிற்காது. கொல்லிமலைக்குப் போகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாமல், மலைமேல் உள்ள செம்மேட்டில் மிளகு வாங்கும்போது மலைச் சாமையும் கேட்டு வாங்குங்கள்.