துணைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் கலை: ஆஸ்திரேலியக் கால்பந்தின் பாடம்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்பது, 1858இல் தோன்றிய மெல்பர்ன் கால்பந்துக் கழகம் 1859 மே மாதத்தில் எழுதிவைத்த விதிகளிலிருந்து வளர்ந்த ஆட்டமாகும். விக்டோரிய மாநிலத்தின் முன்னணிக் கழகங்கள் 1897இல் தொடங்கிய, வி.எஃப்.எல். எனப்பட்ட விக்டோரியக் கால்பந்து லீக் 1990இல் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் என்று பெயர் மாற்றம் பெற்றது; ஏ.எஃப்.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இப்போட்டியில் 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 கழகங்கள் ஆடின. இந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சில் புகழும் பழியும் பெரும்பாலும் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரையே சேர்கின்றன என்றாலும், ஒரு கழகம் எப்படிச் சிந்திக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புவோர் அது தன் துணைப் பயிற்சியாளர் பணியிடங்களை எப்படி நிரப்புகிறது என்பதையே கூர்ந்து பார்க்க வேண்டும்.

ஆட்டத்தின் இயல்பும் பணியின் தேவையும்

நீள்வட்ட வடிவிலான திடலில், ஓர் அணிக்கு 18 பேராக 36 பேர் ஒரே நேரத்தில் ஆடுகின்றனர். திடலின் நீளம் 135 முதல் 185 மீட்டர் வரையும் அகலம் 110 முதல் 155 மீட்டர் வரையும் இருக்கலாம். திடலின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கின்றன. நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் ஆறு புள்ளிகளும், பக்கக் கம்பங்களுக்கும் அவற்றுக்கும் இடையே அனுப்பினால் ஒரு புள்ளியும் கிடைக்கும். பிற கால்பந்து வகைகளிலுள்ள ஆஃப்சைடு விதி இங்கு இல்லாததால், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த வீரரும் திடலின் எந்த மூலையிலும் நிற்கலாம், பந்தும் எந்தத் திசையிலிருந்தும் வரலாம். ஒவ்வொரு கால்பகுதியும் 20 நிமிடம் என வரையறுக்கப்பட்டிருந்தாலும், ஆட்டம் நின்ற நேரத்தையும் சேர்த்துக்கொள்வதால் அது ஏறத்தாழ அரை மணி நேரம் நீள்கிறது. பயிற்சியாளர் விரும்பியபடி ஆட்டத்தை நிறுத்திப் பேசுவதற்கு இடைநிறுத்த உரிமை எதுவும் இல்லை.

இத்தகைய ஆட்டத்தை ஒருவர் கண்ணாலேயே முழுமையாகக் கவனிப்பது இயலாத காரியம். காலிங்வுட் கழகத்தை 1912 முதல் 1949 வரை வழிநடத்திய ஜாக் மெக்ஹேல், மதுவடிப்பு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சியாளராகவும் விளங்கி எட்டுப் பட்டங்களை வென்று தந்தார். ஆட்டக்காரர்களும் பயிற்றுவோரும் வேறு தொழில் செய்து வாழ்ந்த அக்காலத்தில் ஒருவரின் அனுபவமும் கண்டிப்பும் போதுமானவையாக இருந்தன. ஆட்டம் முழுநேரத் தொழிலாக மாறி, ஒவ்வொரு உதையும் ஒவ்வொரு ஓட்டமும் கணக்கெடுக்கப்படும் நிலை வந்தபோது, ஒருவர் செய்த வேலை பல பிரிவுகளாகப் பிரிந்தது. அப்பிரிவுகளின் பொறுப்பாளர்களே இன்றைய துணைப் பயிற்சியாளர்கள்.

பணிப் பிரிவுகள்

துணைப் பயிற்சியாளர்களில் முதன்மையானவர்கள் வரிசைப் பயிற்சியாளர்கள் எனப்படுவோர். திடலைப் பின்களம், நடுக்களம், முன்களம் என மூன்றாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் ஆடும் வீரர்களுக்கு ஒருவர் பொறுப்பேற்கிறார். இவர்களோடு, நடுவர் பந்தை மேலே எழுப்பி ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் தருணங்களில் யார் எங்கே நிற்க வேண்டும், பந்தைத் தட்டிவிடும் உயரமான வீரரான ரக்மேன் அதை எப்பக்கம் தள்ள வேண்டும் என்பவற்றை மட்டுமே ஆராயும் பயிற்சியாளர், எதிரணியின் பழக்கங்களை ஒளிப்பதிவுகளிலிருந்து பிரித்தெடுக்கும் பகுப்பாய்வாளர், இளம் வீரர்களின் அடிப்படைத் திறன்களைச் செம்மைப்படுத்தும் வளர்ச்சிப் பயிற்சியாளர் ஆகியோரும் இருப்பர். வளர்ச்சிப் பயிற்சியாளர் பல கழகங்களில் மாநில அளவிலான லீக்கில் ஆடும் இரண்டாம் அணிக்கும் பயிற்சியாளராக விளங்குவதால், போட்டி நாளில் தானே முடிவெடுக்கும் அனுபவத்தைப் பெறும் அரிய வாய்ப்பு அவருக்கு வாய்க்கிறது.

வாரம் முழுவதும் இவர்களுடைய பணி ஒரு சுழற்சியாக நடைபெறுகிறது. முந்தைய ஆட்டத்தின் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து வீரர்களுடன் தனித்தனியாகவும் வரிசைக் கூட்டங்களிலும் பேசுவது, அடுத்த எதிரணிக்கு ஏற்பப் பயிற்சிகளை வகுப்பது, தேர்வுக் கூட்டத்தில் தம் வரிசை வீரர்களின் நிலையை எடுத்துரைப்பது ஆகியவை அதில் அடங்கும். போட்டி நாளில் சிலர் பார்வையாளர் மாடத்தின் உயரத்திலுள்ள பயிற்சியாளர் அறையில் தலைமைப் பயிற்சியாளருடன் அமர்ந்து திடலின் முழு அமைப்பையும் பார்க்க, வேறொருவர் திடலோரத்தில் மாற்று வீரர்களுடன் இருந்து தொலைபேசி வழியாக வரும் கட்டளைகளை அவர்களுக்கு விளக்குகிறார். செய்தியைச் சுமந்துகொண்டு திடலுக்குள் ஓடும் ரன்னர் என்பவர் எப்போது உள்ளே நுழையலாம் என்பதற்கு 2019இல் கடுமையான கட்டுப்பாடு வந்தபின், திடலோரத்தில் இருப்பவர் சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டிய தேவை மேலும் மிகுந்தது.

காலியிடம் தோன்றும் விதம்

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் செப்டம்பர் இறுதியில் நடைபெறும் இறுதிப்போட்டியோடு பருவம் முடிகிறது; வீரர்களும் பயிற்சியாளர்களும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அக்டோபர் இறுதியில் காலாவதியாகின்றன; நவம்பரில் அடுத்த பருவத்திற்கான பயிற்சி தொடங்கிவிடுகிறது. ஆகவே பணியிடங்களை நிரப்பக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. தோல்வியுற்ற கழகம் மாற்றம் வேண்டி ஒருவரை விடுவிப்பதாலும், வெற்றி பெற்ற கழகத்தின் துணைப் பயிற்சியாளரைப் பிற கழகம் உயர்ந்த பொறுப்புக்கு அழைத்துக்கொள்வதாலும், புதிய தலைமைப் பயிற்சியாளர் தமக்கு நம்பிக்கையானவர்களை உடன் அழைத்து வருவதாலும் இடங்கள் காலியாகின்றன. இவற்றுள் முதல் வகை வெளியாருக்கு எளிதில் புலப்படும். இரண்டாவது வகையோ வெற்றிக்குக் கழகம் செலுத்தும் விலையாக அமைந்து, பட்டம் வென்ற அணியைச் சில ஆண்டுகளிலேயே உள்ளிருந்து மாற்றிவிடுகிறது.

நிரப்பும் முறை

அனுபவமுள்ள கழகம் முதலில் ஆளைத் தேடுவதில்லை; தன்னிடம் இல்லாதது எது என்பதைத் தேடுகிறது. பருவ முடிவில் கால்பந்துத் துறையின் பொது மேலாளரும் தலைமைப் பயிற்சியாளரும் நடத்தும் ஆய்வில், அணி புள்ளிகளை எங்கே இழந்தது, எந்த வயது வீரர்கள் வளராமல் நின்றனர், பயிற்சியாளர் குழுவில் எத்தகைய குணம் குறைகிறது என்ற கேள்விகள் எழுப்பப்படுகின்றன. முன்களப் பயிற்சியாளர் விலகினார் என்பதால் முன்களப் பயிற்சியாளரையே தேட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குழுவில் இருக்கும் ஒருவரை அப்பொறுப்புக்கு மாற்றி, உண்மையில் வெற்றிடமாக உள்ள வேறொரு துறைக்குப் புதியவரைக் கொண்டுவருவது பல சமயங்களில் அறிவார்ந்த தீர்வாகிறது.

தேவை வரையறுக்கப்பட்ட பின்னர், அண்மையில் ஓய்வுபெற்ற வீரர்கள், பிற கழகங்களின் துணைப் பயிற்சியாளர்கள், மாநில லீக்குகளில் தலைமைப் பயிற்சியாளராகப் பழுத்தவர்கள், பதவி இழந்த முன்னாள் தலைமைப் பயிற்சியாளர்கள் என நான்கு வகையினர் பரிசீலனைக்கு வருகின்றனர். ஓய்வுபெற்ற வீரருக்கு இன்றைய ஆட்டத்தின் வேகமும் வீரர்களின் மொழியும் தெரியும்; ஆனால் தனக்கு இயல்பாக வந்ததைப் பிறருக்குப் படிப்படியாகச் சொல்லித்தரும் திறன் அவரிடம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மாநில லீக்கில் பணியாற்றியவருக்குக் கற்பிக்கும் பயிற்சி மிகுதி. ஒரு முழு அணியைச் சுமந்த அனுபவமும் உண்டு. முன்னாள் தலைமைப் பயிற்சியாளரோ, முடிவெடுப்பவரின் தனிமையை அறிந்தவர் என்பதால், தலைமைப் பயிற்சியாளரிடம் தயங்காமல் உண்மையைச் சொல்லக்கூடியவர். எனவே நேர்காணலில் விண்ணப்பதாரரின் ஆட்டப் புகழைவிட, ஒரு காட்சித் துண்டைப் பார்த்து அவர் எதைக் கவனிக்கிறார், அதை இருபது வயது இளைஞருக்கு எப்படி விளக்குவார், மாறுபட்ட கருத்தை எவ்வாறு முன்வைப்பார் என்பவையே பெறுமதி மிக்க சான்றுகள்.

செலவு வரம்பின் பிடி

இத்தேர்வைக் கடினமாக்கும் மற்றொரு காரணி, மென் வரம்பு என்று பொருள்படும் சாஃப்ட் கேப் ஆகும். வீரர்களின் ஊதியத்திற்குத் தனி வரம்பு இருப்பது போலவே, பயிற்சியாளர்கள், மருத்துவ அணியினர், உடற்பயிற்சி வல்லுநர்கள் உள்ளிட்ட கால்பந்துத் துறையின் செலவுக்கும் லீக் ஒரு வரம்பை விதித்திருக்கிறது. அதை மீறலாம், ஆனால் மீறும் தொகைக்கு லீக்கிடம் வரி செலுத்த வேண்டும் என்பதாலேயே அது மென் வரம்பு எனப்படுகிறது. பணக்காரக் கழகங்கள் பெரிய பயிற்சியாளர் படையைத் திரட்டிச் சிறிய கழகங்களை நசுக்கிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். கொரோனாத் தொற்றால் வருவாய் வீழ்ந்தபோது, ஒரு கழகத்திற்கு ஏறத்தாழ 97 லட்சம் ஆஸ்திரேலிய டாலராக இருந்த இந்த வரம்பு, 2021ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 62 லட்சமாகக் குறைக்கப்பட்டது. பல துணைப் பயிற்சியாளர்கள் வேலையிழந்தனர். எஞ்சியவர்கள் இரண்டு மூன்று பொறுப்புகளைச் சேர்த்துச் சுமந்தனர். பின்னர் வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டாலும், ஒரு புகழ்பெற்ற பெயருக்குச் செலவிடும் தொகையில் இரு வளர்ச்சிப் பயிற்சியாளர்களை அமர்த்தலாமா என்ற கணக்கைப் போடாமல் இன்று எந்தக் கழகமும் முடிவெடுக்க முடியாது.

ரிச்மண்ட் காட்டிய வழி

நல்ல நியமனம் என்ன செய்யக்கூடும் என்பதற்கு ரிச்மண்ட் கழகம் தெளிவான எடுத்துக்காட்டு. 2010 முதல் டேமியன் ஹார்ட்விக் தலைமையில் இருந்த அக்கழகம் 2016இல் 13ஆம் இடத்தில் முடிந்தபோது, அவரை நீக்கியாக வேண்டும் என்ற குரல்கள் வலுத்தன. கழகம் அவரை வைத்துக்கொண்டு, அவரைச் சுற்றியிருந்த குழுவை மாற்றியது. ஜீலாங் கழகத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்த பிளேக் கராசெல்லாவும், பிரிஸ்பேன் லயன்ஸின் தலைமைப் பயிற்சியாளர் பதவியை இழந்திருந்த ஜஸ்டின் லெப்பிட்சும் அழைத்துவரப்பட்டனர். அடுத்த ஆண்டே இறுதிப்போட்டியில் அடிலெய்டு அணியை 48 புள்ளி வேறுபாட்டில் வென்று, 1980க்குப் பிறகு முதன்முறையாக ரிச்மண்ட் பட்டம் சூடியது. 2019இலும் 2020இலும் மீண்டும் வென்றது. இவ்வெற்றிகளை இருவரின் வருகையால் மட்டும் விளக்கிவிட முடியாது. வீரர்களின் முதிர்ச்சியும் கழகத்தின் பொறுமையும் அவற்றில் கலந்துள்ளன. ஆனால் தலைவரை மாற்றாமலே அவரைச் சுற்றியுள்ள சிந்தனையை மாற்ற முடியும் என்பதை அது நிறுவியது. பின்களப் பயிற்சியாளராக இருந்த பென் ரட்டன் 2018இன் முடிவிலும் கராசெல்லா 2019இன் முடிவிலும் எஸ்ஸெண்டன் கழகத்துக்குச் சென்றனர் என்பது, வெற்றியே காலியிடங்களை உண்டாக்கும் என்பதற்குச் சான்று.

தலைவர்களின் நாற்றங்கால்

துணைப் பயிற்சியாளர் பணி, நாளைய தலைமைப் பயிற்சியாளர்கள் வளரும் நாற்றங்காலும் ஆகும். போர்ட் அடிலெய்டு கழகத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்த அலஸ்டர் கிளார்க்சன், 2004இன் இறுதியில் ஹாதோர்ன் கழகத்தின் தலைமையை ஏற்று 2008, 2013, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார். அவர் அமர்த்திக்கொண்டவர்களின் வரலாறு அவ்வெற்றிகளைவிட வியப்பானது. 2016இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு 62 ஆண்டுகளுக்குப் பிறகு பட்டம் பெற்றுத்தந்த லூக் பெவரிட்ஜ், 2017, 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் ரிச்மண்டுடன் வென்ற ஹார்ட்விக், 2018இல் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸுடன் வென்ற ஆடம் சிம்ப்சன் ஆகிய மூவரும் ஹாதோர்னில் கிளார்க்சனிடம் துணைப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள். அதாவது தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் ஒரே பட்டறையில் பயின்றவர்களின் கைகளுக்கே சென்றது. வி.எஃப்.எல்., ஏ.எஃப்.எல். போட்டிகளில் ஒருமுறைகூட ஆடாத கிறிஸ் ஃபேகன், ஹாதோர்னின் கால்பந்துத் துறையில் கிளார்க்சனுடன் பணியாற்றியபின் பிரிஸ்பேன் லயன்ஸின் தலைமையேற்று 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றார். சிறந்த வீரராக இருந்தவர்தான் சிறந்த பயிற்சியாளராக முடியும் என்ற பழைய நம்பிக்கைக்கு இதைவிட உறுதியான மறுப்பு தேவையில்லை.

தேர்வு வட்டம் குறுகலாக இருப்பதே இத்துறையின் பெருங்குறை. கழகங்கள் தமக்குப் பழகியவர்களையே மீண்டும் மீண்டும் நாடுவதால் நம்பிக்கையும் புரிந்துணர்வும் எளிதில் உண்டாகின்றன என்பது உண்மையே. ஆயினும் ஒரே விதமாகப் பயின்றவர்கள் ஒரே விதமான பிழைகளையே காணத் தவறுவர். 2014இல் செயின்ட் கில்டா கழகம் பீட்டா சர்லை வளர்ச்சிப் பயிற்சியாளராக அமர்த்தியபோதுதான் ஏ.எஃப்.எல். கழகமொன்றின் பயிற்சியாளர் குழுவில் ஒரு பெண் முதன்முறையாக இடம்பெற்றார். பெண்களுக்கான தேசிய லீக் 2017இல் தொடங்கியபின் தகுதியானோர் தொகை பெருகியுள்ளது. ஜீலாங் ஆண்கள் அணியில் வளர்ச்சிப் பயிற்சியாளராகப் பணியாற்றிய டெய்சி பியர்ஸ், பின்னர் வெஸ்ட் கோஸ்ட் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். இக்கதவு இன்னும் அகலமாகத் திறக்கப்பட வேண்டும்.

இறுதிப்போட்டியில் வெல்லும் அணியின் தலைமைப் பயிற்சியாளருக்கு ஜாக் மெக்ஹேலின் பெயரால் ஒரு பதக்கம் வழங்கப்படுகிறது. துணைப் பயிற்சியாளர்களுக்கு அத்தகைய பதக்கம் இல்லை. அவர்களுடைய உழைப்பைக் காண விரும்பும் வாசகர், ஏ.எஃப்.எல். ஆட்டம் ஒன்றைப் பார்க்க வாய்க்கும்போது, முதல் கால்பகுதி முடிந்ததும் தொலைக்காட்சியை விட்டு எழாமல் இருப்பாராக. தலைமைப் பயிற்சியாளர் எல்லோரையும் அழைத்துப் பேசுவதற்கு முன்னர், வீரர்கள் வரிசை வாரியாகச் சிறு வட்டங்களாகக் கூடி நிற்பர். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் நின்று, கண்ட குறையைச் சில நொடிகளில் சொல்லித் திருத்துபவரே துணைப் பயிற்சியாளர். அந்த இடத்தில் யார் நிற்க வேண்டும் என்பதைச் சரியாகத் தீர்மானித்த கழகம், பருவம் தொடங்கும் முன்பே தன் வேலையின் கடினமான பகுதியை முடித்துவிட்டது.